வலப்பக்கம் சாயுங்க

ஹெட் சிஸ்டர் என்றுதான் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் அந்தப் பட்டம் அவளை விட்டுப் போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவை முப்பத்தொரு வருஷம் ஆட்டிப் படைத்தவள். டாக்டர்களே அவள் முன்னால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணனும் அவளும் சேர்ந்து வாங்கிய மூன்றாவது மாடி வீட்டில், அண்ணன் போன பிறகு, அண்ணியோடு இருந்தாள்.

கூட இருந்தாள் என்பது ஒரு பேச்சுக்குத்தான். ஃப்ரிட்ஜில் மேல் தட்டு இரண்டும் இவளுக்கு, கீழ் தட்டு இரண்டும் அண்ணிக்கு. குளியலறையில் இரண்டு வாளி. காலை ஏழு மணி வரை அடுப்பு இவளுடையது, அதற்குப் பிறகு அவளுடையது. ஹாலில் ஜன்னலோரமாக அண்ணியின் தையல் மெஷின். கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மெஷின் ஓட ஆரம்பித்தால் ஹெட் சிஸ்டர் டீவி சத்தத்தைக் கூட்டுவாள்; டீவி சத்தம் கூடினால் அண்ணி இன்னும் வேகமாக மிதிப்பாள். இரண்டு பேருக்கும் இடையில் எப்போதும் 'நீங்க'தான். மரியாதை கொடுத்தால் ஒட்டி உறவாட வேண்டியதில்லையே.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஏழடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது, டீ வடிகட்டிக்கொண்டிருந்த ஹெட் சிஸ்டர் அடுப்படியிலேயே சரிந்தாள். அண்ணிதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். மூளையின் வலப்பக்கத்தில் அடைப்பு. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறியது, அறிவு கலங்கவில்லை. பதினாறு நாள் கழித்து ஸ்ட்ரெச்சரில் வீட்டுக்குத் தூக்கி வரும்போது, அண்ணி எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னது அவள் காதில் தெளிவாக விழுந்தது.

"கை கால்தான் போயிருக்கு. நாக்கு அப்படியேதான் இருக்கு."

"நீங்கதான் பாத்துக்கணுமா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"வேற யாரு இருக்கா? நாறினா எனக்குத்தானே நாறும்."

மூன்றாம் நாள் பிசியோதெரபி செய்ய ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், கட்டையான உடம்பு, கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருந்தாள். வீட்டில் அவளுக்குப் பிசியோ என்றே பெயராயிற்று.

"கை எப்ப தூக்கலாம், கால் எப்ப நடக்கும்னு கேக்காதீங்க சிஸ்டர். மொதல்ல நடு உடம்பு நிக்கணும். இடுப்புலேர்ந்து கழுத்து வரைக்கும். அது நிக்கலைன்னா மத்தது எதுவும் நிக்காது."

"எனக்கே பாடமா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் வார்டுல இருந்தவ."

"அப்ப சுலபமாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, பிசியோ அவளைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்தாள்.

உட்கார வைத்த அடுத்த கணமே உடம்பு இடப்பக்கமாகப் போயிற்று. வலது கை தானாக மெத்தையில் ஊன்றி, முழங்கை விறைத்து, உடம்பை இன்னும் இடப்பக்கமாக உந்தியது. அண்ணியும் பிசியோவும் சேர்ந்து நிமிர்த்தினார்கள். நிமிர்த்த நிமிர்த்த ஹெட் சிஸ்டருக்கு மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் நிற்க வைத்து வலப்பக்கமாகக் கவிழ்ப்பதைப் போல இருந்தது.

"தள்ளாதீங்க! ஐயோ, கீழ தள்றாங்க!"

"யாரும் தள்ளலை சிஸ்டர். நேராத்தான் வைக்கறோம்."

"நான் நேராத்தான் இருந்தேன்! இவங்கதான் தள்றாங்க!"

இவங்க என்றது அண்ணியை. அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு காலைக் கட்டில் காலில் முட்டுக்கொடுத்து, அவளைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

பக்கவாதம் வந்த சிலருக்கு இப்படி ஆகும் என்று பிசியோ விளக்கினாள். நல்ல கையே உடம்பைக் கெட்ட பக்கம் தள்ளும். சாய்ந்திருப்பது நேர் போலவும், நேர் என்பது விழுவது போலவும் தோன்றும். ஹெட் சிஸ்டருக்கு இது புதிதல்ல. தன் வார்டில் இப்படிக் கத்திய பல பேரை அதட்டியிருக்கிறாள். ஆனால் அதெல்லாம் நோயாளிகளுக்கு வருவது.

பிசியோ வாரத்துக்கு மூன்று நாள் பதினோரு மணிக்கு வருவாள். மற்ற நாட்களில் அண்ணிதான் பயிற்சி கொடுக்க வேண்டும். அந்த மற்ற நாட்களில் ஒன்றில் விபரீதம் நடந்தது. அண்ணி நிமிர்த்த முயல, ஹெட் சிஸ்டர் பலத்தையெல்லாம் திரட்டி எதிர்த்து உந்த, இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். ஹெட் சிஸ்டரின் இடது தோள் கன்றிப்போனது. அண்ணி எப்படியோ அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு, மூச்சிரைக்க மெஷினுக்குப் போனாள். ஹெட் சிஸ்டர் வலது கையால் போனை எடுத்து, குடியிருப்போர் சங்கச் செயலாளரைக் கூப்பிட்டாள்.

செயலாளர் கையில் புகார்ப் புத்தகத்தோடும், பின்னால் மாடி வீட்டுப் பெண்கள் இரண்டு பேரோடும் வந்து நின்றார். குண்டூசிகளை வாயில் கவ்வியபடி அண்ணியும் வந்து வாசல்படியில் நின்றாள்.

"என்னை வேணும்னே கீழ தள்றாங்க" என்றாள் ஹெட் சிஸ்டர், தோளைக் காட்டி. "தினமும் நடக்குது. நான் போய்ட்டா வீடு முழுசா அவங்களுக்குத்தானே."

அண்ணி வாயிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சுப் பொதியில் குத்தினாள். ஏழு ஊசி. கடைசி ஊசியையும் குத்திவிட்டு, "சொன்னதை அப்படியே எழுதிக்கங்க சார்" என்றாள்.

அவர் எழுதினார். அன்றோடு படிக்கட்டில் அண்ணியைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொள்ளும் பெண்கள் அதிகமானார்கள். முதல் மாடிக்காரி தைக்கக் கொடுத்த துணியை அளவு மாறிவிட்டதென்று சொல்லித் திருப்பி வாங்கிப் போனாள். அண்ணி சோறு கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள், பெட்பேன் வைத்தாள், துடைத்துவிட்டாள். பயிற்சிக்கு மட்டும் வரவில்லை.

"உக்கார வைக்க மாட்டீங்களா?"

"மாட்டேன். தொட்டா தள்ளினேன்னுவீங்க. செயலாளர்கிட்ட காட்டறதுக்கு உங்களுக்கு இன்னொரு தோள் இருக்கு."

"நீங்க வேண்டாம். நானே உக்காந்துப்பேன்."

மறுநாள் காலை அவளாகவே முயன்றாள். வலது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழும்பினாள். எழும்பிய வேகத்தில் இடப்பக்கமாகப் போய், முகம் சுவரில் பதியச் சரிந்தாள். புரள முடியவில்லை. இடது கை உடம்புக்கு அடியில் எங்கேயோ இருந்தது. சுவரின் சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியது. ஹாலில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் போதும், வந்துவிடுவாள். அந்த ஒரு குரலைக் கொடுப்பதற்கு ஹெட் சிஸ்டருக்கு மனசு வரவில்லை. முக்கால் மணி நேரம் அப்படியே கிடந்தாள். பதினோரு மணிக்கு வந்த பிசியோதான் அவளைத் திருப்பிப் போட்டாள்.

நடந்ததையெல்லாம் பிசியோ இரண்டு தரப்பிலும் கேட்டாள். கேட்டுவிட்டு, யாரையும் சமாதானம் செய்யாமல், தன் போனை அலமாரி மேல் சாய்த்து வைத்தாள்.

"இன்னிக்கு ஒரு தடவை மட்டும் பிடிங்கம்மா" என்று அண்ணியைக் கூப்பிட்டாள். "நான் தொடலை. நான் படம் எடுக்கறேன்."

பிறகு அந்தப் படத்தை ஹெட் சிஸ்டரின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

கதவுச் சட்டத்துக்கு முன்னால் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். நைட்டி ஒரு தோளில் இறங்கியிருந்தது. முட்டுக்கொடுக்காத பந்தல் கால் மாதிரி இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தாள். அவளுடைய வலது கை மெத்தையை நெம்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெண் கழுத்து நரம்பு புடைக்க இரண்டு கையாலும் அவளை இழுத்துப் பிடித்திருந்தாள். அவள் விட்டிருந்தால் கிழவி தலைகுப்புற விழுந்திருப்பாள்.

ஹெட் சிஸ்டர் இரண்டு தடவை பார்த்தாள்.

"கதவு கோணல்" என்றாள்.

"கோணலா இருந்தா இத்தனை வருஷமா எப்படிச் சாத்தினீங்க?"

ஹெட் சிஸ்டர் போனைக் கையால் தள்ளினாள்.

"உங்களுக்குள்ள இருக்கற நேர் தப்பாப் போச்சு சிஸ்டர். இனிமே அதை நம்பாதீங்க, கண்ணை நம்புங்க. எப்ப விழுந்துருவோம்னு பயமா இருக்கோ, அப்பத்தான் நேரா இருக்கீங்கன்னு வச்சுக்கங்க." பிசியோ கட்டிலின் வலப்பக்கத்தைத் தட்டினாள். "இங்க ஒருத்தர் உக்காரணும். அவங்க உங்களைப் பிடிக்கக் கூடாது, இழுக்கக் கூடாது. நீங்களா வலப்பக்கம் சாஞ்சு, உங்க தோளை அவங்க தோள்ல வைக்கணும். பத்து எண்ணணும். அவ்வளவுதான்."

அண்ணி வாசலுக்கு நகர்ந்துவிட்டிருந்தாள்.

"மொதல்ல அந்தப் புத்தகத்துல எழுதினதை அடிச்சுட்டு வரட்டும்."

"அடிக்க மாட்டேன்" என்றாள் ஹெட் சிஸ்டர்.

"அப்ப பீரோவோட தோள்ல சாஞ்சுக்கட்டும்."

கோபத்தில் சொன்ன அந்த யோசனையையே பிசியோ எடுத்துக்கொண்டாள். கட்டிலை நகர்த்தி, வலப்பக்கம் இரும்பு பீரோ வருமாறும் கதவு எதிரே தெரியுமாறும் போட்டு, கதவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடியை மாட்டினாள். ஹெட் சிஸ்டர் பீரோவில் தோளை வைத்துப் பத்து எண்ணினாள். ஒவ்வொரு தடவையும் உயிர் போய் உயிர் வந்தது. அண்ணி கழித்துப் போட்ட திரைச்சீலை வளையங்களைப் பிசியோ ஒரு டப்பாவில் போட்டு வலப்பக்கமாக, எட்டினால்தான் கிடைக்கும் தூரத்தில் வைத்தாள். ஒவ்வொன்றாக எட்டி எடுத்து மடியில் போட வேண்டும். படுத்தபடி முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்க வேண்டும். இடது காலைப் பிசியோ பிடித்துக்கொள்வாள். "இன்னொண்ணு" என்பாள். ஹெட் சிஸ்டர் அவளை வாயில் வந்தபடியெல்லாம் திட்டுவாள். "திட்டுங்க, மூச்சை மட்டும் அடக்காதீங்க" என்பாள் அவள்.

நாலு வாரத்தில் பீரோவோடு உட்கார வந்துவிட்டது. பீரோ இல்லாமல் வரவில்லை.

"பீரோ உங்களைத் தாங்கிடுது. அது நகராது" என்றாள் பிசியோ. "மனுஷத் தோள்னா நீங்க அளந்துதான் சாய முடியும். அதுக்கப்புறம் எழுந்து நிக்கணும். அதுக்கு தினமும் ஒரு ஆள் வேணும். நான் தினமும் வர முடியாது."

அன்று மாலையே ஹெட் சிஸ்டர் செயலாளரைக் கூப்பிட்டாள். அவர் புத்தகத்தோடு வந்தார். அண்ணியும் வந்து நின்றாள்.

"நான் சொன்னது தப்பு. அடிச்சிடுங்க" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி. செயலாளர் அடித்தார், அவளிடம் கையெழுத்து வாங்கினார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நிற்காமல் போனார்.

"தப்புன்னீங்க" என்றாள் அண்ணி. "பொய்னு சொல்லலையே."

"பொய் இல்ல. எனக்குத் தள்ற மாதிரிதான் இருந்தது. இப்பவும் இருக்கு."

"உங்களுக்கு எப்பவும் நீங்கதான் சரி. அவர் போன அன்னிக்கும் அப்படித்தான். பாக்கற நேரம் முடிஞ்சிருச்சு, யாரா இருந்தாலும் ரூல்னு வெளியில பெஞ்சில உக்கார வச்சீங்க. உங்க வார்டு. உங்க அண்ணன். நான் யாரு? எம் புருஷன் போய்ட்டாருன்னு எனக்கு வாட்ச்மேன் வந்து சொன்னான். வாட்ச்மேன்!" முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "காலைல பத்தரைக்கு வரேன். தலைக்கு எண்ணெய் வச்சுக்கிட்டு உக்காராதீங்க, என் புடவையில ஒட்டும்."

இப்படித்தான் அது ஆரம்பித்தது. பத்தரை மணிக்கு அண்ணி கட்டிலை பீரோவிலிருந்து தள்ளிப் போட்டு, வலப்பக்கம் வந்து உட்காருவாள், கையை மடியில் கட்டிக்கொண்டு. ஹெட் சிஸ்டர் சாய வேண்டும். இருபத்தாறு வருஷ உறவில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தாங்களாகத் தொட்டது கிடையாது.

"இன்னும் வாங்க. நான் கடிக்க மாட்டேன்."

"உங்க எலும்பு குத்துது."

"உங்களுக்குச் சமைச்சுப் போட்டு இளைச்ச எலும்பு. எண்ணுங்க."

"ஒண்ணு… ரெண்டு…"

"கை! மெத்தையை நெம்பாதீங்க. கையை மடியில வைங்க."

அண்ணியிடமிருந்து மெஷின் எண்ணெய் வாசனையும் புதுத்துணி வாசனையும் வந்தன. ஐந்து என்னும்போது விழுந்தாயிற்று என்றே தோன்றும். கண் கதவுச் சட்டத்தைப் பார்க்கும். சட்டம் நேராக நிற்கும், அதற்கு இணையாக எதிர்க் கண்ணாடியில் அவளும் நேராக இருப்பாள். உடம்பு முழுக்கப் பொய் என்று அலறும் ஒன்று உண்மையாக இருக்கிறது. சத்தியம் செய்யத் தயாராக இருந்த ஒன்று பொய்யாக இருக்கிறது. நாள்தோறும், பத்து எண்ணும் நேரத்துக்கு, அவள் இதைத் தாங்க வேண்டியிருந்தது.

எந்த நாளில் என்று சொல்ல முடியாது, அண்ணனின் கடைசி நாள் அவளுக்குள் புரள ஆரம்பித்தது. இத்தனை நாளும் அதில் தான் நேராக நின்றதாகவே நினைத்திருந்தாள். ரூல் என்றால் ரூல், அதில் சொந்தக்காரர் என்ன, வேற்றாள் என்ன. ஆனால் அந்த நாளில் ரூலுக்கு வேலையே இருக்கவில்லை. ஐந்து மணிக்கு டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். சரி டாக்டர் என்றாள். பிறகு திரையை இழுத்துவிட்டு அண்ணன் பக்கத்தில் போய் நின்றாள். அந்த ஒரு மணி நேரம் அவர் தனக்கு மட்டும் அண்ணனாக இருக்கட்டும் என்று நினைத்தாள். அவ்வளவுதான் அதன் காரணம். வேறெதுவும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, தோளில் தோளை வைத்து ஏழு வரை எண்ணியவள் நிறுத்தினாள்.

"எட்டு" என்றாள் அண்ணி.

"அன்னிக்கு அஞ்சு மணிக்கே டாக்டர் சொன்னார். அவர் சம்சாரத்தை உள்ள கூப்பிடுங்க, இனி அதிக நேரம் இல்லன்னு. நான் கூப்பிடலை."

தோளுக்கு அடியில் இருந்த எலும்பு கல்லாயிற்று.

"ரூல் இல்லையா?"

"இல்ல. நான்தான்."

அண்ணி எழுந்தாள். யோசித்து எழுந்ததாகத் தெரியவில்லை. நெருப்பு பட்டதைப் போல எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். வாசற்கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது.

வலப்பக்கத்தில் காற்றுதான் இருந்தது. ஹெட் சிஸ்டரின் வலது கை மெத்தையை நோக்கிப் பாய்ந்தது. கையை மடியில் வைங்க என்று தனக்குத்தானே அதட்டினாள், வார்டில் அதட்டும் குரலில். கை மடியிலேயே நின்றது. கண்ணை நிலைச்சட்டத்தில் வைத்தாள். எட்டு என்றாள். ஒன்பது என்றாள். நூற்றுப் பத்து வரை எண்ணினாள், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள்.

பிசியோ வந்தபோது கதவு தாளிடாமல் கிடந்தது.

"யாரு உக்கார வச்சுட்டுப் போனது? பீரோ தூரத்துல இருக்கே! எவ்வளவு நேரமா இப்படி இருக்கீங்க?" சந்தோஷத்தில் அவள் குரல் கீச்சென்றது. "சிஸ்டர், தனியா உக்காந்திருக்கீங்க!"

"தெரியும். படுக்க வை."

அண்ணி சாயங்காலம் திரும்பி வந்தாள். எங்கே போனாள் என்று சொல்லவில்லை. ஒன்பது நாள் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஸ்டூலில் தட்டை வைக்கும்போது தண்ணீர் தளும்பும், அவ்வளவு வேகமாக வைப்பாள். பத்தரை மணிக்கு வரவில்லை. ஹெட் சிஸ்டர் பீரோவைப் பிடிக்காமல் தானாக உட்கார்ந்து, தானாக வளையங்களை எட்டி எடுத்தாள். இரண்டு தடவை விழுந்தாள், இரண்டு தடவையும் மெத்தையில்.

பத்தாம் நாள் காலை அண்ணி அறைக்குள் வந்து கட்டிலுக்கு எதிரே நின்றாள். உட்காரவில்லை.

"ஏதாவது கேட்டாரா?"

"தண்ணி கேட்டார்."

"குடுத்தீங்களா?"

"குடிக்கக் குடுக்கக் கூடாது. பஞ்சை நனைச்சு உதட்டுல வச்சேன். ரெண்டு தடவை."

"அப்புறம்?"

ஹெட் சிஸ்டர் சொன்னாள். அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் பொறுப்பை ஒப்படைப்பது போல, ஒன்றும் விடாமல், ஒன்றும் சேர்க்காமல் சொன்னாள். ஐந்தேகாலுக்கு மூச்சு எப்படி இருந்தது, ஐந்தரைக்கு எப்படி மாறியது, எந்தக் கை சில்லிட்டது, எப்போது கண்ணைத் திறந்தார்.

"திறந்து?"

"கதவைப் பாத்தார். 'அவ எங்க'ன்னார். வந்துக்கிட்டிருக்காங்கன்னு சொன்னேன்."

அண்ணி இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். சட்டம் ஆடியது. ஹெட் சிஸ்டர் உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்தாள். அடிப்பாளோ என்று நினைத்தாள். அடித்திருந்தால் தடுத்திருக்க மாட்டாள்.

"உங்களை மன்னிக்க மாட்டேன்" என்றாள் அண்ணி.

"நான் கேக்கலை."

"கேக்கவும் வேண்டாம்." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "நிக்கற பயிற்சி ஆரம்பிக்கணும்னு அந்தப் பொண்ணு படிக்கட்டுல பிடிச்சுச் சொன்னா. நாளைக்குப் பத்து மணிக்கு வரேன். பத்தரை இல்ல. பன்னெண்டுக்குள்ள கடைக்குத் துணி போகணும். என்னால காத்துக்கிட்டு நிக்க முடியாது."

"பத்து மணிக்குத் தயாரா இருப்பேன்."

"சமையல் மேடையைப் பிடிச்சுத்தான் நிக்கணுமாம். அங்க என் சாமானையெல்லாம் உருட்டாதீங்க."

மறுநாள் பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே அண்ணி வந்து, ஹெட் சிஸ்டரைச் சமையல் மேடைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார வைத்து, குனிந்து, அவளுடைய இடது பாதத்தைத் தரையில் சரியாக ஊன்றி வைத்தாள். அவள் கை அழுத்தமாக, வலிக்கும்படியாகத்தான் இருந்தது.

"ம். எழுந்திருங்க" என்றாள்.